வீச்சு வலையின் கணக்கு

தமிழகத்தின் கழிமுகங்களிலும் ஏரிகளிலும் ஒற்றை ஆளாக நின்று வீசுகிற வீச்சு வலையைப் பின்ன ஓர் ஊசியும் ஒரு மூங்கில் கட்டையும் போதும். இந்த ஊசி தையல் ஊசி அல்ல; நூலைச் சுற்றி வைத்துக்கொள்ள நடுவில் நாக்கு செதுக்கிய தட்டையான மூங்கில் துண்டு. கட்டைதான் அளவுகோல். நூலை அதன்மேல் சுற்றிக்கொண்டுபோய் மேல்வரிசைக் கண்ணியில் முடிச்சிட வேண்டும். கட்டையின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால், இழுத்துப் பிடித்த கண்ணி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இருக்கும். எந்த மீன் அகப்படும், எந்தக் குஞ்சு தப்பும் என்பது கட்டையைச் சீவும்போதே முடிவாகிவிடுகிறது.

முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும் வகை. வழுக்குகிற நைலானுக்கு மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போடுவார்கள்.

உண்மையான வித்தை வடிவத்தில் இருக்கிறது. உச்சியில் சில கண்ணிகளோடு தொடங்கும் வலை, வீசும்போது வட்டமாக விரிய வேண்டும். வட்டத்தின் ஆரம் ஒரு முழம் கூடினால் சுற்றளவு ஆறு முழத்துக்கு மேல் கூடும். கண்ணிகள் ஓரளவு விரிந்துகொடுக்கும், ஆனாலும் போதாது. அதனால் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரே கண்ணியில் இரண்டு கண்ணி போட்டு, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே இறங்குவார்கள். கூட்டுவது குறைந்தால் வலை குழாய்போல் தொங்கும், எவ்வளவு லாவகமாக வீசினாலும் விரியாது. பள்ளிக்கூடம் போகாதவர்களும் இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

விளிம்பில் ஈயக் குண்டுகளைக் கோத்து, அந்த விளிம்பை உள்பக்கம் மடித்து இடைவெளி விட்டுக் கட்டினால் சிறுசிறு பைகள் உண்டாகும். கயிற்றை இழுக்கும்போது குண்டுகள் தரையை ஒட்டியபடி ஒன்றுசேர, மீன்கள் அந்தப் பைகளுக்குள் ஒதுங்கும்.

முன்பு பருத்தி நூல்தான். ஈரத்தில் நுண்ணுயிர்கள் அரித்துவிடும் என்பதால் துவர்ப்பு மிகுந்த பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுவார்கள். நைலானுக்கு வெயிலே பகை. நிழலில்தான் வைக்க வேண்டும். ஆனால் தண்ணீரில் அது எளிதில் மட்காது. தொலைந்துபோன நைலான் வலை, எடுக்க ஆளில்லாமலே மீன்களைச் சிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கும்.

ஆகவே கிழிந்த வலையை நீரில் விட்டுவிடாதீர்கள். கரைக்குக் கொண்டுவாருங்கள், பொத்தித் தரத் தெரிந்த கைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன.