கற்றவற்றைக் கலந்துரைத்தல்

ஒரு நூலை முற்றக் கற்றுவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? இவ்வினாவிற்கு நன்னூலார் கணக்கிட்டே விடை கூறியுள்ளார். 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் பவணந்தி முனிவர், தம் நூலின் பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்கும் முறையை விளக்குமிடத்து, ஆசிரியர் உரைத்ததைப் பழுதின்றிக் கேட்டுக்கொண்டவனுக்கும் புலமையில் காற்பங்குதான் கிட்டும் என்கிறார். உடன் பயில்வாரோடு கூடி ஆராய்வதால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். ஆக, நான்கில் மூன்று பங்கு பிறரோடு பேசுவதில் இருக்கிறது. இந்நூற்பாவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். ஆனால், படித்த நூல்களைப் பற்றி நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோமா என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. கவிதை, வாழ்க்கை வரலாறு, அரசியல், புனைகதை ஆகிய நால்வகை நூல்களையும் குறித்து வாசகர் தம் கருத்தைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் நிகழ்ந்துள்ளது, எங்ஙனம் நிகழலாம் என்பதனை ஈண்டுச் சற்று விளக்க விழைகிறோம்.

நூல்களைப் பற்றிய பேச்சு நம்மிடையே இல்லாமல் இல்லை. வெளியீட்டு விழாக்கள் நடைபெறுகின்றன. அணிந்துரைகளும் வாழ்த்துரைகளும் நூலின் முகப்பை நிறைக்கின்றன. இது புதிய வழக்கமும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்கள் பலவற்றில் சாற்றுக்கவிகளே பல பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் நூலைப் படித்துப் பாடியவை எத்தனை, நட்புக்காகப் பாடியவை எத்தனை என்று பிரித்தறிதல் அரிது. இதற்கு மறுதலையாக அரங்கேற்றம் என்னும் மரபும் நமக்கு உண்டு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது பாராட்டு விழா அன்று. நூலாசிரியன் அவையோரின் தடைகளுக்கு விடை சொல்லியாகவேண்டிய இடம். இவ்விரண்டு மரபுகளுள் நாம் எதனைப் பெரிதும் போற்றி வளர்த்தோம் என்பது வெளிப்படை.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் எம் குறையையும் சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவில் பேச இசைந்தோம். நூல் முதல்நாள் மாலையில்தான் கைக்கு வந்தது. அணிந்துரையையும் முதற் சில கவிதைகளையும் படித்துவிட்டு மேடையேறி, கவிஞரின் சமூகச் சினத்தை அரைமணி நேரம் பாராட்டினோம். கைதட்டலும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கியபோது முதலாமாண்டு மாணவர் ஒருவர் நூலும் கையுமாக அருகில் வந்து, "ஐயா, தாங்கள் சொன்ன அந்தச் சினம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் எள்ளளவும் இல்லை, உண்மையாகவே தேடியிருக்கிறார். எம்மால் காட்ட இயலவில்லை. அச்சினம் அணிந்துரையில் மட்டுமே இருந்தது என்பதை வீட்டுக்குச் சென்று நூலை முழுதும் படித்தபின் உணர்ந்தோம். "எந்தப் பக்கத்தில்?" என்னும் அவ்வினாவை அன்று முதல் எமக்கு நாமே கேட்டுக்கொள்கிறோம்.

கருத்து வேறுபடுவதற்கும் நன்னூலார் இலக்கணம் வகுத்துள்ளார். நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழு என்று அவர் கூறுவதை மாணவர் மனப்பாடம் செய்துள்ளனர். பிறர் கூறியதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு சென்று பின்னர்க் களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் முரண்படுமிடத்து ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கொள்கையிலேயே நிற்கலாம். நூல் எழுதுவோர்க்குச் சொன்ன இவ்வேழும் நூலைப் படிப்போர்க்கும் பொருந்துவனவே. நம் மேடைகளிலோ உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டே வழங்குகின்றன. பட்டிமன்றப் பழக்கம் இதற்கு ஒரு காரணம் எனலாம். அங்கே ஒருவர்க்கு ஓர் அணி ஒதுக்கப்படுகிறது; எதிரணியின் வாதம் தம் மனத்துக்குச் சரியென்று பட்டாலும் ஒப்புக்கொள்ளும் உரிமை அவர்க்கு இல்லை. சொல்வன்மைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல் என்னும் மூன்றாம் மதத்துக்கு அங்கு இடமே இல்லை. வாசகர்க்கு வேண்டுவதோ பெரும்பாலும் அதுதான்.

கவிதையைப் பற்றிய கருத்துப் போர் ஒன்றை முதலில் காண்போம். 1930களின் நடுவில், பாரதியார் மறைந்து பதினைந்து ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், அவர் மகாகவியா அல்லரா என்னும் வழக்கு தமிழ் இதழ்களில் எழுந்தது. உலகப் பெருங்கவிஞர் வரிசையில் வைக்கத்தக்கவர் பாரதி என்றார் வ.ரா. அப்போது ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த கல்கி, பாரதியைச் சிறந்த தேசியக் கவியாகப் போற்றினாரேயன்றி, அவ்வரிசையில் வைக்க இசையவில்லை. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பாடல்களையே சான்றாகக் கொண்டு மறுப்பு எழுதினர். அக்கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாக 1937இல் வெளிவந்தன. தமிழில் தற்காலக் கவிதைத் திறனாய்வின் தொடக்க நூல்களுள் ஒன்று, இங்ஙனம் இதழ்களில் நடந்த ஒரு சொற்போரிலிருந்து பிறந்திருக்கிறது. இதில் எமக்கு மிகவும் உவப்பான செய்தி இதன் பின்னர் நிகழ்ந்தது. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வேண்டும் என்று முன்னின்று பொருள் திரட்டியவர் அதே கல்கிதான். 1947இல் மண்டபம் திறக்கப்பெற்றது. மகாகவி என்னும் பட்டத்துக்கு மறுப்புரைத்தவர், அக்கவிஞர்க்குத் தமிழகத்தார் அனைவரிடமும் கையேந்தத் தயங்கவில்லை. இன்று ஒரு கவிஞரைக் குறித்து ஐயம் எழுப்பினால் அவருக்குப் பகைவர் என்று முத்திரை குத்திவிடுகிறோமே, அத்தகையோர் இவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

கவிதையைக் கூடிப் படிப்பதற்குத் திருநெல்வேலியில் இரசிகமணி டி.கே.சி. தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஓசையிலும் சொல்லிலும் திளைத்து, நெடுநேரம் அதிலேயே தங்கியிருப்பது அவர்தம் முறை. வழக்கறிஞரும் அரசு அலுவலரும் எனப் பல தொழிலினர் அங்குக் கூடிக் கம்பனை நுகர்ந்தனர். எனினும் அவ்வட்டத்தின் மீது எமக்கு ஒரு குறை உண்டு. தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாடியவை அல்ல என்று டி.கே.சி. தள்ளினார், சில இடங்களில் பாடத்தையும் மாற்றியமைத்தார். எல்லாரும் ஒரே சுவையினராகக் கூடியிருக்கும் அவையில், "இது ஏட்டில் உள்ளதாயிற்றே" என்று மறித்துக் கேட்கும் ஒரு குரல் ஓங்கி ஒலித்திருக்குமாயின் நன்றாயிருந்திருக்கும்.

வாழ்க்கை வரலாற்று நூல்களைப் பற்றிப் பேசும்போது கேட்கவேண்டிய வினா வேறு. சொல்பவர் யார், அவர் எங்கிருந்து பார்த்தார் என்பதே அது. பாரதியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். துணைவியார் செல்லம்மா பாரதி எழுதிய 'தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம்' 1941இலும், அன்பர் வ.ரா. எழுதிய 'மகாகவி பாரதியார்' 1944இலும், புதுச்சேரியில் சிறுமியாக இருந்து அவரைக் கண்ட யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' 1954இலும் வெளிவந்தன. மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை. மூன்று மாணவர் ஆளுக்கொன்றாகப் படித்து வந்து ஓரிடத்தில் அமர்ந்து பேசினால், ஒரு நூலை மட்டும் படித்தவர்க்குக் கிட்டாத ஒன்று அவர்களுக்குக் கிட்டும். அடுப்பு எரியவேண்டுமே என்று கவலையுற்றவர்க்கு வறுமை ஒரு முகம் காட்டும். கவிஞரின் வீரத்தைக் கண்டு வியந்த அன்பர்க்கு அதுவே வேறொரு முகம் காட்டும். குழந்தைக்கோ பாட்டும் விளையாட்டும் முன்னே நிற்கும். இவர்களுள் எவரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டுவதில்லை. தன்வரலாறாயின் இவ்வினா இன்னும் கூர்மையாகும். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைவால் இடையில் நின்றது. முடிவுறாத அந்நூலைப் படித்து, ஐயரின் பிற்கால வாழ்வு குறித்தும் தீர்ப்புரைப்போர் உளர்.

அரசியல் நூல்களில் வாசகர் கருத்து எத்துணை எளிதில் தவறக்கூடும் என்பதற்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' தக்க சான்று. 1940 முதல் 1946 வரை காங்கிரசின் தலைவராக இருந்த ஆசாத், தம் நினைவுகளை உருதுவில் சொல்ல, ஹுமாயூன் கபீர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1958 பிப்ரவரி 22இல் ஆசாத் மறைந்தார். மறு ஆண்டு நூல் வெளிவந்தது. ஆனால் நூல் முழுமையாக வெளிவரவில்லை. ஏறத்தாழ முப்பது பக்க அளவிலான பகுதிகள் முத்திரையிடப்பெற்றுக் கல்கத்தா தேசிய நூலகத்திலும் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பெற்றன. முப்பது ஆண்டுகள் கழித்தே அவற்றை வெளியிடலாம் என்பது ஏற்பாடு. 1988இல் முத்திரை உடைக்கப்பெற்று, முழு நூல் வெளிவந்தது. பிரிவினைக்கு யார் பொறுப்பு என்பது பற்றி இந்நூலை மேற்கோள் காட்டி முப்பது ஆண்டுகளாக வாதிட்டவர் அனைவரும், முழு நூலைக் காணாமலேயே வாதிட்டிருக்கின்றனர். முழு நூல் வந்தபின்னும் வழக்குத் தீரவில்லை. மறு ஆண்டே, 1989இல், ராஜ்மோகன் காந்தி 'இந்தியா வின்ஸ் எரர்ஸ்' என்றொரு நூல் எழுதினார். ஆசாத் கூறியவற்றை எடுத்துக்கொண்டு, பிற ஆவணங்களோடு ஒப்புநோக்கி, எங்கெங்கே நினைவு பிறழ்ந்துள்ளது என்று காட்ட முற்பட்ட நூல் அது. நன்னூலாரின் ஆறாம் மதமாகிய பிறர் நூற் குற்றங்காட்டலுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை யாம் அறியோம். ஆசாத்தின்பால் அளவற்ற மதிப்புடையவர்களாகிய நாம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க அஞ்ச வேண்டுவதில்லை. தலைவர்மீது கொண்ட மதிப்பு வேறு. அவர் நினைவிலிருந்து சொன்ன ஒரு நாளோ நிகழ்ச்சியோ சரிதானா என்னும் ஆராய்ச்சி வேறு.

இறுதியாகப் புனைகதை. நம் போன்ற கல்லூரிகளில் பெரியோர்க்கும் மாணவர்க்கும் இடையே மெய்யாகவே இடைவெளி தோன்றுவது இங்கேதான். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில், 1997இல், 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர்க்கு அது முதல் நாவல். மலையாளவழிக் கல்வி கற்றவர் ஆதலின், தம் ஊர் மக்கள் பேசும் தமிழை ஏட்டுத் தமிழின் கலப்பின்றி எழுத்தில் கொண்டுவந்தார். ஊரை ஆளும் முதலாளியின் குடும்பப் பெருமை, அறியாமையின் மீது எழுப்பப்பட்ட அதிகாரம், பள்ளிக்கூடத்தைக் கண்டு அஞ்சும் மனம், எதிர்த்து நிற்கும் எளிய மனிதன் ஆகியவற்றை நூல் காட்டுகிறது. இந்நாவலை எம் துறையின் மாலைக் கூட்டமொன்றில் கலந்துரையாடலுக்கு எடுத்துக்கொண்டபோது, அழைப்பின்பேரில் வந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "நம் வீட்டுக் குறையைத் தெருவில் வைத்துப் பேசுவானேன்?" என்று கேட்டார். அவை அமைதியாயிற்று. மாணவர்க்கு மறுத்துப் பேச நா எழவில்லை. பெரியவர் என்னும் மரியாதை தடுத்தது.

அவ்வினா எளிதில் தள்ளத்தக்கது அன்று என்பதே எம் கருத்து. தம் சமுதாயத்தைப் பிறர் எக்கண்ணால் காண்பர் என்னும் கவலை சிறுபான்மையாகிய நமக்கு எழுதல் இயல்பே. ஆயினும், கதையில் வரும் கொடியவனைக் கண்டு ஒரு சமுதாயமே அப்படித்தான் என்று வாசகன் கருதுவான் எனில், அதே கதையில் அவனை எதிர்த்து நிற்பவனும் அச்சமுதாயத்தவனே என்பதை அவ்வாசகன் மறந்திருக்க வேண்டும். அன்று இதனைச் சொன்னவர் யாம் அல்லேம். இரண்டாமாண்டு மாணவி ஒருவர். எழுந்து, பெரியவரை நோக்கி, "வாப்பா, நீங்கள் முழுவதும் படித்துவிட்டீர்களா?" என்று மிகுந்த பணிவோடு கேட்டுவிட்டு, பக்க எண்ணைச் சொல்லி ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். பெரியவர் சினங்கொள்ளவில்லை. பாதிவரை படித்ததாகவும், கண்பார்வை குன்றியதால் பேரன் படிக்கக் கேட்டதாகவும் கூறி, நூலை மீண்டும் வாங்கிச் சென்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அவர் வந்தார். நாவலை முடித்திருந்தார். எழுதியிருக்கக் கூடாது என்னும் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை, எடுத்தது வேறு. தாம் இளமையில் கண்ட கடற்கரையூர்களில் பெண்கள் தங்களுக்குள் ஓதிக்கொடுத்தும் கதை சொல்லியும் வளர்த்த ஒரு கல்வி இருந்ததென்றும், அது இந்நாவலில் போதிய அளவு இடம்பெறவில்லை என்றும் குற்றங்காட்டினார். மாணவர் இருவர் அதனை ஏற்றனர். அம்மாணவி ஏற்கவில்லை. அன்று கூட்டம் முடிய மஃரிபு நேரம் ஆகிவிட்டது.