பதினைந்து ரூபாய் முத்திரையின் கதி

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆந் திகதி முதல், சாதாரணக் கடிதம் ஒன்றின் குறைந்தபட்சக் கட்டணத்தை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக இலங்கைத் தபால் திணைக்களம் உயர்த்தியபோது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்துப் போயிருந்த ஜனங்கள், அதையும் மற்ற கஷ்டங்களுள் ஒன்றாகக் கணக்கெழுதிவிட்டுப் பேசாமலிருந்தார்கள். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில், பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிக் கடிதமும் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறும் ஒன்றாக உறங்கும் தகரப் பெட்டிகளில், எப்போதோ வாங்கி ஒட்டாமல் மிஞ்சிப்போன 15 ரூபாய் முத்திரைகள் பலரிடம் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இவை இனிச் செல்லுமா, அல்லது பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட வேண்டியதுதானா என்ற சந்தேகம் நியாயமானதே.

செல்லும். கட்டணம் உயர்ந்தது என்பதால் முத்திரை செத்துப்போவதில்லை. முத்திரை என்பது, கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்கான கூலியை அரசாங்கம் முன்கூட்டியே பெற்றுக்கொண்டதற்கு அளித்த பற்றுச்சீட்டு. அதில் அச்சிட்ட தொகையைக் கௌரவிக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. ஆனால் அந்தக் கடமை அச்சிட்ட தொகையோடு நின்றுவிடுகிறது. அன்றைய 15 ரூபாய் ஒரு கடிதத்தை யாழ்ப்பாணம்வரை கொண்டு சேர்த்தது என்ற பழங்கதையைத் தபால் கந்தோர்க்காரரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் பார்ப்பது இலக்கத்தை மட்டுமே.

ஆகவே இது கூட்டல் கணக்கு. மூன்று 15 ரூபாய் முத்திரைகள் 45 ரூபாய். கூட ஒரு 5 ரூபாய் முத்திரை ஒட்டினால் 50 சரியாகிவிடும். 5 ரூபாய் முத்திரை தேடச் சோம்பி நான்காவது 15 ரூபாயையும் ஒட்டுகிறவர், அரசாங்கத்துக்குப் பத்து ரூபாய் தர்மம் செய்தவராவார். 10 ரூபாய் முத்திரை என்றால் ஐந்து போதும். சதக் கணக்கில் இறங்கினால் விஷயம் விநோதமாகிவிடும்: 25 சத முத்திரையில் ஒரு கடிதம் அனுப்ப 200 முத்திரைகள் வேண்டும், உறையின் இருபுறமும் ஒட்டினாலும் முகவரிக்கு இடமிராது.

ஒட்டுவதிலும் ஒரு கிரமம் உண்டு. முகவரி எழுதும் பக்கத்தின் வலது மேல்மூலையில் தொடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஒவ்வொன்றின் இலக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக ஒட்ட வேண்டும். ஒரு முத்திரையின் ஓரம் அடுத்ததன் இலக்கத்தை மறைத்தால், மறைந்ததைக் கணக்கில் எடுக்க எவருக்கும் கட்டாயமில்லை. திகதி முத்திரை ஒவ்வொன்றின்மீதும் விழ வேண்டுமாதலால், நெருக்கியடித்து ஒட்டிய உறையைக் கண்டால் கந்தோர்க்காரர் முகம் சுளிப்பதும் இயற்கையே. இங்கே பழைய முத்திரை என்று நான் சொல்வது ஒட்டப்படாத பழைய முத்திரையை. வந்த கடிதத்தில் அடி சரியாக விழாமல் தப்பிய முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து மறுபடி ஒட்டுவது சிக்கனமன்று, குற்றம்.

குறைவாக ஒட்டி அனுப்பினால் என்ன ஆகும்? குறைந்த தொகையின் இருமடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பது உலகெங்குமுள்ள பழைய தபால் சம்பிரதாயம். பட்டணத்தில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருகிறார். கேட்ட காசைக் கொடுத்து வாங்கிவிடலாம். தோட்டத்திலோ, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் அதன் காம்பராவுக்கும் தனி முகவரி இல்லாத காரணத்தால், பெயரும் டிவிசனும் தோட்டமும் மட்டும் எழுதிய கடிதம் தபால் கந்தோரிலிருந்து பையில் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே கிளாக்கர் பிரித்துக் கொடுக்க, யாராவது ஒருவர் கையோடு லயத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கான அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் மலைநாட்டில் ஏராளம். இத்தனை கைகள் மாறி வரும் கடிதத்தில் கட்டணப் பாக்கியும் சேர்ந்தால் அதன் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் ஒரு பக்கமும் கையிருப்பு முத்திரை மறுபக்கமுமாக இழுப்பது இந்தத் தீவுக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த ஆறு பென்ஸ் முத்திரையோடு இலங்கையின் முத்திரைச் சரித்திரம் தொடங்குகிறது. 1872இல் பென்ஸ் போய் ரூபாயும் சதமும் வந்தன. ஹட்டனுக்கு ரயில் வந்த 1884ஐயும் நானுஓயாவுக்கு வந்த 1885ஐயும் ஒட்டிய காலத்தில், கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த அதே வேளையில், வேண்டிய மதிப்பில் முத்திரை கைவசமில்லாமல் போகவே, இருந்த முத்திரைகளின்மேல் புதுத் தொகையைக் கறுப்பு மையில் அடித்து விற்றார்கள். 1885இன் இந்த மேலச்சு முத்திரைகளுக்கு அன்று சில சதங்கள்தாம் விலை. இன்று அவற்றுட் சிலவற்றைச் சேகரிப்போர் பெருந்தொகை கொடுத்துத் தேடுகிறார்கள்.

நம் தோட்டத்துப் பெண்களும் இந்தச் சரித்திரத்துக்குள் வருகிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், 1935இல், வெளிவரத் தொடங்கிய படமுத்திரை வரிசையில் 9 சத முத்திரை கொழுந்து பறிக்கும் காட்சியைத் தாங்கியது. 3 சத முத்திரை சிவனொளிபாத மலையை. ஆறாம் ஜார்ஜ் காலத்து வரிசையில் கொழுந்து பறிக்கும் படம் 20 சத முத்திரைக்கு மாறியது. யுத்தகாலமான 1940இல், 3 சத முத்திரைக்குத் தேவை வந்தபோது, அந்த 20 சதத்தின்மேலேயே 3 சதம் என்று அடித்துவிட்டார்கள். கொழுந்து பறிப்பவளின் கூலிதான் குறையும் என்றிருந்தோம். அவளுடைய படத்தின் மதிப்பையும் குறைத்திருக்கிறார்கள்!

மலைநாட்டில் முத்திரை வெகுவாகச் செலவான காலம் ஒன்று உண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்தபின், அண்ணன் நீலகிரியிலும் தம்பி நோர்வூட்டிலுமாகச் சிதறிய குடும்பங்களை நெடுங்காலம் ஒட்டவைத்திருந்தது தபால்தான். அங்கிருந்து வருகிறவர்கள் பதில் போட உதவுமென்று இந்திய முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதை ஒட்டி ஹட்டனில் கடிதம் போட முடியாது. எந்த அரசாங்கம் காசை வாங்கிற்றோ அதன் எல்லைக்குள்தான் அதற்கு உயிர். இந்தச் சிக்கலுக்காகவே 1906இல் ரோமாபுரியில் கூடிய சர்வதேசத் தபால் மகாநாடு, எந்த நாட்டிலும் முத்திரையாக மாற்றிக்கொள்ளக்கூடிய பதில் கூப்பனை ஏற்படுத்தியது.

மற்ற தேசங்கள் கட்டண உயர்வை வேறுவிதமாகச் சமாளித்திருக்கின்றன. அமெரிக்காவில், உயரப்போகும் கட்டணம் எவ்வளவென்று முடிவாகுமுன்பே அச்சிட வேண்டியிருந்ததால், 1978 முதல் தொகைக்குப் பதிலாக ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட முத்திரைகளை விட்டார்கள். 2007இல் எக்காலத்துக்கும் செல்லும் முத்திரையையே கொண்டுவந்தார்கள். இன்று வாங்கியதை, கட்டணம் எத்தனை முறை உயர்ந்த பின்னும் அப்படியே ஒட்டலாம். பிரிட்டன் 1989இலேயே தொகையில்லாத முதல்வகுப்பு, இரண்டாம் வகுப்பு முத்திரைகளை வெளியிட்டது; ஆனால் 2023இல், கோட்டுக் குறியீடு இல்லாத தன் சாதாரண முத்திரைகளைச் செல்லாதவை என்று அறிவித்து, மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டது. நம் 15 ரூபாய் முத்திரைக்கு அந்த அவமானம் நேரவில்லை.

தொகையில்லாத முத்திரை இங்கும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரே நாளில் கட்டணம் மூன்று மடங்குக்கு மேல் ஏறக்கூடிய தேசத்தில், நட்டத்தில் ஓடும் திணைக்களம் அதற்கு எளிதில் இணங்காது என்பதும் தெரியும். ஆயினும் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் நாட்கூலியில் இருபதில் ஒரு பங்கை ஒரு கடிதம் தின்றுவிட்டதென்றால், அந்த முத்திரையாவது நாளை குறைபடாமலிருக்க வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது. 1894இல் எழுந்த நுவரெலியாத் தபால் கந்தோரின் செங்கற் கட்டடத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடத்துக்குக் காட்டிய கரிசனத்தில் ஒரு பங்கை லயத்து முகவரிக்கும் காட்டினால் நல்லது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, மன்னர் தலை பொறித்த கொழுந்து முத்திரையோ, 1967இல் தேயிலை நூற்றாண்டுக்கு வெளியிட்ட முத்திரையோ அகப்பட்டால் ஒட்டிவிடாமல், விவரம் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள். 15 ரூபாய் முத்திரைகளைத் தயங்காமல் ஒட்டுங்கள். கடிதத்தைக் கந்தோரில் நிறுத்துப் பார்த்து, உறையின் பின்புறம் அனுப்புபவர் முகவரியை, டிவிசன் பெயரை விடாமல், எழுதிப் போடுங்கள்.