தரவுத்தளப் படிவக் குறுக்குவிசைகள்

தரவுத்தளப் படிவக் குறுக்குவிசைகள் என்பன, தரவுத்தளத்துக்கான உள்ளீட்டுப் படிவங்களை வடிவமைக்கும்போதும் நிரப்பும்போதும் சுட்டிக்கு மாற்றாகப் பயன்படும் விசைகளும் விசைச் சேர்க்கைகளும் ஆகும். ஒரு படிவம் சில முறையே வடிவமைக்கப்படுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான முறை நிரப்பப்படுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் தமக்கு மிச்சப்படுத்தும் நேரத்தைவிட, தரவு உள்ளிடுபவருக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரமே பெரிது. இக்கட்டுரை 1992 இல் வெளியான மைக்ரோசாப்ட் அக்சஸ் மென்பொருளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வடிவமைப்பு விசைகள்

படிவத்தில் இடம்பெறும் உரைப்பெட்டி, பொத்தான், தலைப்புச்சிட்டை முதலியன கட்டுப்பாடுகள் எனப்படும்.

* எஃப்4: பண்புகளின் பட்டியலைத் திறக்கும்.
* கன்ட்ரோல் + அம்புக்குறி: தேர்ந்தெடுத்த கட்டுப்பாட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தும்.
* ஷிப்ட் + அம்புக்குறி: அதன் அளவை மாற்றும்.
* எஃப்5: வடிவமைப்புத் தோற்றத்திலிருந்து படிவத் தோற்றத்துக்கு மாற்றும்.

உள்ளீட்டு விசைகள்

* கன்ட்ரோல் + ஒற்றை மேற்கோள்குறி: முந்தைய பதிவில் அதே புலத்தில் உள்ள மதிப்பை இடும்.
* கன்ட்ரோல் + அரைப்புள்ளி: அன்றைய தேதியை இடும்.
* ஷிப்ட் + என்டர்: பதிவைச் சேமிக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நூலகத்தின் உறுப்பினர் விண்ணப்பங்களை மேற்குத் தாம்பரம் (600045), கிழக்குத் தாம்பரம் (600059), குரோம்பேட்டை (600044) என முன்கூட்டியே பிரித்து அடுக்கிக்கொண்டால், ஒவ்வொரு அடுக்கிலும் முதல் விண்ணப்பத்துக்கு மட்டும் ஊர்ப்பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் தட்டெழுதினால் போதும். மற்றவற்றுக்கு முதலில் கூறிய குறுக்குவிசையே அவற்றை இட்டுவிடும்.

டேப் வரிசை

டேப் விசையை அழுத்தும்போது அடுத்து எந்தப் பெட்டிக்குச் செல்வது என்பதை டேப் வரிசை தீர்மானிக்கிறது. கட்டுப்பாடுகள் சேர்க்கப்பட்ட முறைப்படியே இவ்வரிசை அமையும். பெயருக்கு அருகில் தந்தை பெயர்ப் பெட்டியைப் பின்னர் சேர்த்தால், அது பார்வைக்கு இரண்டாவதாக இருந்தாலும் வரிசையில் இறுதியிலேயே நிற்கும். உள்ளிடுபவர் திரையைப் பாராமல் தாளைப் பார்த்தே தட்டெழுதுவாராயின், தரவு தவறான புலத்தில் சென்று சேரும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் இவ்வரிசையைச் சரிபார்த்தல் வேண்டும்.

தமிழ்ப் படிவங்கள்

பொத்தானின் தலைப்பில் ஓர் எழுத்துக்கு முன் & குறியை இட்டால், ஆல்ட் விசையுடன் அவ்வெழுத்தை அழுத்தி அப்பொத்தானை இயக்கலாம். தமிழ்த் தலைப்புகளில், ஓர் ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்து அதன்முன் & இடுவது ஒரு வழியாகும்.

இணையவழிப் படிவங்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கு அருகில் வளாகம் கொண்டுள்ள சோஹோ நிறுவனம் 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 2009 இல் இப்பெயரைப் பெற்றது. இந்நிறுவனம் 2006 இல் வெளியிட்ட சோஹோ கிரியேட்டர், புலங்களை இழுத்து வைத்து உலாவியிலேயே படிவங்களை அமைக்க உதவுகிறது. உலாவியிலும் டேப் விசை பெட்டிக்குப் பெட்டி நகர்த்தும். ஆனால் அக்சஸில் பழகிய பிற விசைகளை இங்கு அப்படியே பயன்படுத்தலாகாது. எஃப்5 விசை உலாவியில் பக்கத்தை மீளேற்றுவதால், சேமிக்காத உள்ளீடு அழிந்துவிடக்கூடும்.