செயற்கைச் சிறுநீரகத்தால் பெறும் வாழ்வு

மனிதன் உண்பதும் குடிப்பதும் அவன் விருப்பத்தைப் பொறுத்தவை. ஆனால், உண்டதிலும் குடித்ததிலும் உடலுக்கு வேண்டாதன யாவை, அவற்றை எவ்வளவு வெளியேற்ற வேண்டும் என்று நிர்ணயிக்கும் வேலை அவனைக் கேளாமலே நடைபெறுகின்றது. நம் முன்னோர் குண்டிக்காய் என்றும், இந்நாளில் நாம் சிறுநீரகம் என்றும் வழங்கும் இரண்டு உறுப்புகள், ஒவ்வொன்றும் கைம்முட்டி அளவினதாய், முதுகெலும்பின் இருமருங்கும் அமைந்து, இப்பணியை இரவும் பகலும் ஓயாது ஆற்றுகின்றன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் அவற்றின் நுண்ணிய குழல்களில் வடிக்கப்பெறுகின்றது; அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராய் வெளிச்செல்ல, எஞ்சியதெல்லாம் இரத்தத்துக்கே மீள்கின்றது. இவ்விரண்டும் முற்றும் செயலற்றுப் போமாயின், யூரியா முதலிய கழிவுப்பொருள்கள் இரத்தத்தில் பெருகும்; நீர் தேங்கி உடல் வீங்கி மூச்சுத் திணறும்; பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இருதயத்தின் துடிப்பைக் குலைக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ மரணம் நேரிடும். எண்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு மாற்று யாதொன்றும் இருந்திலது.

மாற்று எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். ஸ்காத்லாந்து தேசத்து இரசாயன சாஸ்திரியாகிய தாமஸ் கிரகாம் என்பார், சில பொருள்கள் மெல்லிய தோற்காகிதத்தின் வழியே ஊடுருவிச் செல்வதையும், பசை போன்ற வேறு சில செல்லமாட்டாது நின்றுவிடுவதையும் கண்டு, இவ்வாறு பிரிக்கும் முறைக்கு 1861-ஆம் ஆண்டில் டயாலிஸிஸ் எனப் பெயரிட்டார். அவர் கண்டது ஒரு சோதனைச்சாலைத் தந்திரமே. அதனை மனிதனுடைய இரத்தத்திற்குப் பிரயோகிக்கலாம் என்று துணிந்து, ஜெர்மனியில் கியோர்க் ஹாஸ் என்ற வைத்தியர் 1924-ல் முயன்றார், பயன் நிலைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியரின் ஆதிக்கத்திலிருந்த ஹாலந்து தேசத்தில், காம்பன் என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ப் என்னும் இளம் வைத்தியர் இருந்தார். கருவிகள் வாங்குதற்கு வழியில்லாத காலம். இறைச்சியை அடைத்து விற்பதற்கெனச் செய்யப்பட்ட செல்லோபேன் குழாயை அவர் ஓர் உருளையின்மேல் சுற்றினார். உப்புநீர் நிறைந்த தொட்டியில் அவ்வுருளையைச் சுழலவிட்டு, நோயாளியின் இரத்தத்தைக் குழாயினுள் செலுத்தினார். கழிவுகள் செல்லோபேனைக் கடந்து நீரில் இறங்கின. இரத்த அணுக்கள் உள்ளேயே நின்றன. 1943-ல் தொடங்கிய இச்சிகிச்சையில் முதலில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டனர். 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில், 67 வயதான மாது ஒருத்தி நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டாள். பகைவருக்கு உடந்தையாயிருந்தவள் என்று சிறையிலிடப்பட்டிருந்தவள் அவள். அவளைப் பிழைப்பிக்கலாகாது என்று எண்ணியவர் ஊரில் இருந்திருப்பின் வியப்பில்லை. கோல்ப் அவளைத் தம் யந்திரத்தோடு இணைத்தார். பதினொரு மணி நேரத்திற்குப் பின் அவள் கண் விழித்தாள். அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்து, வேறொரு நோயால் இறந்தாள்.

ஆயினும் கோல்ப் செய்தது, சிறுநீரகம் தானே குணமடையும்வரை சில நாட்கள் உயிரைப் பிடித்து நிறுத்தும் உபாயமே. ஒவ்வொரு முறையும் புதிதாய் ஓர் இரத்தக்குழாயை அறுக்க வேண்டியிருந்தமையால், சிறுநீரகம் என்றென்றைக்குமாய்க் கெட்டவர்களுக்கு அது உதவவில்லை. அறுப்பதற்குக் குழாய்கள் தீர்ந்துபோம் அன்றோ! இத்தடையை நீக்கியவர் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து வைத்தியராகிய பெல்டிங் ஸ்கிரிப்னர். டெப்லான் என்ற வழுவழுப்பான பொருளாலான சிறு குழாய்களைக் கையின் தமனியிலும் சிரையிலும் நிலையாகப் பொருத்தி, சிகிச்சையில்லாத வேளையில் அவ்விரண்டையும் வளைந்த இணைப்பொன்றால் சேர்த்துவிட்டால், இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டேயிருக்கும் என்று அவர் கண்டார். 1960-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், விமானத் தொழிற்சாலையில் யந்திரத் தொழிலாளியாயிருந்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்கு இது பொருத்தப்பட்டது. சாகக் கிடந்த அவர் பதினோராண்டுகள் வாழ்ந்தார். 1966-ல் நியூயார்க்கு வைத்தியர்கள், வெளிக்குழாயே இல்லாமல் கையின் தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் தைத்து இணைக்கும் முறையை வெளியிட்டனர். இந்நாள்வரை சிறந்ததெனக் கொள்ளப்படுவது அதுவே.

உயிரைக் காக்கும் வழி பிறந்தவுடன், யாருடைய உயிரை என்ற கேள்வியும் உடன்பிறந்தது. 1962-ல் ஸியாட்டிலில் திறக்கப்பட்ட செயற்கைச் சிறுநீரக நிலையத்தில் இருந்த யந்திரங்கள் மிகச் சில. வேண்டி நின்றவர் பலர். ஆகவே வழக்கறிஞர், சமய குரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசாங்க அலுவலர், தொழிலாளர் தலைவர், அறுவை வைத்தியர் ஆகிய எழுவர் கொண்ட குழுவொன்று, தம் பெயரை வெளியிடாமலே, யாரை ஏற்பது என்று தீர்மானித்தது. வயது, குடும்பப் பொறுப்பு, வருமானம், கல்வி, தொழில், மனத்திண்மை எல்லாம் எடைபோடப்பட்டன. நல்லெண்ணமுடைய மனிதர்கள்தாம், எனினும், பிறனொருவன் வாழத் தக்கவனா என்று அவன் வருமானத்தைப் பார்த்து அறிய முற்படுவது எத்தகைய தராசு என்று கேட்காதிருத்தல் அரிது. பள்ளி மாணவி ஒருத்தி வயது போதாதென்று விலக்கப்பட்டபோது, ஸ்கிரிப்னரும் அவருடைய பொறியியல் நண்பர்களும் சில மாதங்களுக்குள் வீட்டிலேயே வைத்து நடத்தத்தக்க யந்திரமொன்றைச் செய்து முடித்தனர். அவள் தன் வீட்டில் அதனால் நான்காண்டுகள் வாழ்ந்தாள். 1971 நவம்பரில் ஒரு நோயாளி, அமெரிக்கச் சட்டசபைக் குழுவின் முன்னிலையிலேயே யந்திரத்தோடு தம்மை இணைத்துக் காட்டினார். மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அந்நாட்டில் இச்சிகிச்சையின் செலவிற் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றது.

இவ்வாறு எண்ணிக்கைத் தடை நீங்கியபின், அதுவரை கேட்பாரற்றிருந்த மற்றொரு கேள்வி முன்வந்தது. யந்திரத்தால் நீளும் அவ்வாழ்வு எத்தகையது?

வழக்கமான முறையில் நோயாளி வாரத்திற்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் யந்திரத்தோடு இணைக்கப்படுகிறார். வாரத்திற்கு 168 மணி நேரம். சிறுநீரகம் அத்தனை மணியும் உழைக்கும். யந்திரமோ 12 மணி மட்டுமே. இடையில் சேர்ந்த நீரையெல்லாம் அந்நான்கு மணிக்குள் இழுக்க வேண்டியிருத்தலால் இரத்த அழுத்தம் தாழ்கிறது. தசை பிடித்து இழுக்கிறது. வீடு திரும்பியபின் எழுந்திருக்கவொண்ணாத அயர்ச்சி உண்டாகிறது. இடைநாட்களிலோ தாகத்தை அடக்க வேண்டும். கோடை வெயிலில் வந்த விருந்தினருக்கு நாம் அன்புடன் வெட்டிக் கொடுக்கும் இளநீர், பொட்டாசியம் மிகுந்ததாகையால், இந்நோயாளிக்கு ஆபத்தாய் முடியக்கூடும், வாழைப்பழமும் அத்தன்மையதே. உடலெங்கும் அரிப்பு, உறக்கமின்மை, வேலைக்குச் செல்லவியலாமை, பிறரை நம்பியிருக்கும் மனச்சோர்வு ஆகியனவும் பலருக்கு உண்டு. நிலையங்கள் வாரத்தில் ஒரு நாள் ஓய்வதால் ஒருமுறை இரண்டு நாள் இடைவெளி நேரிடுகிறது. அமெரிக்காவில் 32,065 நோயாளிகளைப் பற்றி 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், அந்நீண்ட இடைவெளிக்கு மறுநாளில் மரண விகிதம் மற்ற நாட்களைவிட மிகுந்திருந்தது: நூறு நோயாளிகளுக்கு ஆண்டுக் கணக்கில் 18.0 என்பது 22.1 ஆக உயர்ந்தது. அந்நாட்டில் இச்சிகிச்சை தொடங்கியவர்களுள் ஐந்தாண்டுக்குப்பின் உயிரோடிருப்பவர் பாதிக்கும் குறைவு.

ஒவ்வொரு முறையிலும் அதிகக் கழிவை அகற்றினால் ஆயுள் கூடுமென்று நினைப்பது இயல்பே. அதனைச் சோதிக்க, 1846 நோயாளிகளைக் கொண்டு நடைபெற்ற பெரும் பரீட்சையொன்றின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. வாரத்திற்கு மூன்று முறை என்ற வழக்கம் மாறாதிருக்க, சுத்திகரிப்பின் அளவை மட்டும் உயர்த்தியதால் மரணம் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. 2010-ல் வெளியான வேறொரு பரீட்சையிலோ, 245 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் ஆறு முறை சிகிச்சையளித்தனர். அவர்களிடத்தில் இருதயச் சுவரின் தடிப்புக் குறைந்ததோடு, தம் உடல்நலத்தைப் பற்றி அவர்களே கூறிய மதிப்பும் உயர்ந்தது. அடிக்கடி ஊசியேறியதால் இரத்தக்குழாய்த் தொல்லைகள் கூடினமையும் உண்மை. சிறுநீரகத்தின் ஓயா உழைப்பை எத்துணை நெருங்குகிறோமோ அத்துணை நன்மையென்று இதனால் கொள்ளலாம்போலும். பிறர் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்திக்கொண்டவர்கள், அதற்காகக் காத்திருப்பவர்களைக்காட்டிலும் நீண்டநாள் வாழ்வதாக 1999-ல் வெளியான கணக்கும் இதனோடு ஒத்தே செல்கிறது.

இனி, நான் முக்கியமாகச் சொல்லக் கருதியது யாதெனில்: நோயாளியின் நலத்தை அளக்க இரத்தப் பரிசோதனை ஒன்றே கருவி என்று வைத்தியர் பல்லாண்டு எண்ணியிருக்க, நோயாளியின் வாய்மொழியும் அதற்கு இளைக்காத கருவியென்று வெளிப்பட்டுள்ளது. மாடிப்படி ஏற முடிகிறதா, வலி வேலைக்குத் தடையாயிருக்கிறதா, மனம் தளர்ந்திருக்கிறதா என்பன போன்ற கேள்விகளுக்கு விடையெழுதச் செய்து, அவ்விடைகளை எண்ணாக மாற்றும் முறையுண்டு. பல நாட்டு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர் 2003-ல் அறிவித்ததாவது: வயதும் உடனிருக்கும் நோய்களும் கணக்கில் கொள்ளப்பட்ட பின்னரும், இவ்வெண் குறைந்தவர்கள் மிகுதியாக ஆஸ்பத்திரியிற் சேர்ந்தனர், மிகுதியாக இறந்தனர். ஆகவே நன்கு வாழ்தல் வேறு, நெடிது வாழ்தல் வேறு என்று பிரிப்பது இங்கே பொருந்தாது. அதனினும் எளிய கேள்வி ஒன்றுண்டு: “சிகிச்சை முடிந்தபின் பழைய நிலைக்கு வர உங்களுக்கு எவ்வளவு நேரமாகிறது?” 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், ஏறக்குறைய மூன்றிலொருவர் இரண்டு மணிக்குள் என்றனர், பத்திலொருவர் பன்னிரண்டு மணிக்கு மேல் என்றனர். நேரம் நீள நீள மரண அபாயமும் கூடியிருந்தது. இக்கேள்விக்கு யந்திரம் வேண்டா, செலவும் வேண்டா. கேட்பவர் விடைக்காகச் சற்று நின்றால் போதும்.

அன்றியும், நோயாளி சொல்வது நாம் ஊகிப்பதற்கு மாறாகவும் இருக்கலாம். 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 49 நோயாளிகளிடமும் அதே எண்ணிக்கையான நலமுள்ளவர்களிடமும் சிறு கருவிகளைக் கொடுத்து, ஒரு வாரகாலம் நாளிற் பன்முறை அவ்வப்போதைய மனநிலையைக் குறிக்கச் செய்தனர். இரு சாராருக்குமிடையே பெரும் வேற்றுமை காணப்படவில்லை! நலமுள்ளவர்களோ, தமக்கு இந்நோய் வரின் தம் மனநிலை மிகத் தாழ்ந்துபோம் என்று கருதினர். மனிதன் பழகிக்கொள்ளும் ஆற்றலை வெளியே நிற்பவர் அறிவதில்லை. இதனால் நோயாளிகளின் துயரம் பொய்யென்று கொள்ளலாகாது. மனச்சோர்வு இவர்களிடையே மிகுந்திருப்பதும் நன்கறிந்ததே. ஒருவருடைய வாழ்வு தாங்கத்தக்கதா அன்றா என்பதை அவரைக் கேளாமல் மற்றவர் முடிவுசெய்ய ஒண்ணாது என்பதே நாம் கொள்ளவேண்டுவது. ஸியாட்டில் குழுவினர் எழுவரும் இடறிய இடமும் ஏறக்குறைய இதுவே.

முதுமையில் இவ்விஷயம் இன்னும் கடினமாகின்றது. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்துகொண்டு யந்திரச் சிகிச்சை தொடங்கிய 3702 பேரைப் பற்றி 2009-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. ஓராண்டிற்குள் நூற்றுக்கு 58 பேர் இறந்தனர். தாமே உண்பது, உடுப்பது, நடமாடுவது ஆகியவற்றில் முன்பிருந்த ஆற்றலை அவ்வாண்டின் இறுதியிலும் உடையவராயிருந்தவர் நூற்றுக்கு 13 பேரே. பிள்ளைகள் தம் தாய்தந்தையரை எப்பாடுபட்டேனும் காக்க நினைப்பது தகுதியே. ஆயினும் வாரத்தில் மூன்று நாள் பயணமும் ஊசியும் அயர்ச்சியுமாய்க் கழியும் அவ்வோராண்டை அம்முதியவர் வேண்டுவாரா என்று, நினைவு தெளிவாயிருக்கும்போதே அவரையே கேட்க வேண்டும். வேண்டும் என்பவருக்கு யந்திரம் இருக்கின்றது. சிலகாலம் செய்து பார்த்து, ஒவ்வாதாயின் நிறுத்திக்கொள்வதென்று பேசித் தொடங்குவதும் உண்டு. வேண்டா என்பவரையும் வைத்தியர் கைவிடுவதில்லை. அரிப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்துண்டு. உணவுக் கட்டுப்பாடும் தளர்த்தப்படும். அவர் தம் வீட்டிலேயே, தம் கட்டிலிலேயே, பேரக்குழந்தைகள் வந்துபோகும் அறையிலேயே இருக்கலாம்.