காசில்லாக் காவலன்: வீட்டுக் கணிப்பொறிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கடல் அதை அரித்துவிடாமல் இருக்க, முன்னே பெரும் பாறைகளைக் கொட்டி அணை அமைத்திருக்கிறார்கள். அலையை அணை தடுத்துவிடும். ஆனால் உப்புக் காற்றுக்கு அணை ஏது? அது கல்லின் நுண்துளைகளில் புகுந்து படிந்து, சிற்பங்களைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். ஆகவே தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உள்ளே இருக்கும் உப்பை வெளியே உறிஞ்சி எடுக்கிறார்கள். வருவதைத் தடுப்பது ஒரு வேலை. வந்துவிட்டதைக் களைவது மற்றொரு வேலை. இரண்டும் ஓயாமல் நடைபெற வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் இந்த இரண்டு வேலைகளும் தேவை. அவற்றைச் செய்வதே பாதுகாப்பு மென்பொருள். இது விலைக்கும் கிடைக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

நச்சுநிரல் எப்படி வருகிறது?

செங்கல்பட்டில் படிக்கும் ஒரு மாணவர் செயல்திட்டக் கட்டுரையை அச்சிடப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக் கணிப்பொறியில் நாள்தோறும் எத்தனையோ பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது. வீடு திரும்பித் தம் கணிப்பொறியில் செருகிப் பார்த்தால், கோப்புறைகள் எல்லாம் 'ஷார்ட்கட்' குறிகளாக மாறியிருக்கின்றன! நச்சுநிரல் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறிகளை வைத்திருக்கிறது. குறியைச் சொடுக்கினால் முதலில் ஓடுவது நச்சுநிரல்தான். இந்த வகைத் தொல்லையில் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைந்தே இருக்கின்றன. ஆகையால் பதறிப்போய்ப் பென்டிரைவை 'பார்மட்' செய்துவிடாதீர்கள். முதலில் நச்சுநிரலை நீக்கி, பிறகு மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் போதும்.

காவலன் எப்படி அடையாளம் காண்கிறான்?

பாதுகாப்பு மென்பொருள் இரு வழிகளைக் கையாளுகிறது. முதலாவது, கைரேகை ஒப்பிடுவது போன்றது. முன்பே பிடிபட்ட நச்சுநிரல்களின் அடையாளப் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு. ஒவ்வொரு கோப்பையும் அப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியல் பழையதானால் புதிய திருடன் தெரியமாட்டான். எனவே நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, நடத்தையைக் கவனிப்பது. ஒரு நிரல் நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சில நொடிகளில் திருத்த முயன்றால், அது யாரென்று தெரியாவிட்டாலும் நிறுத்திவிடுகிறது.

எல்லாவற்றையும் சந்தேகிக்கும் காவலனே நல்ல காவலன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மென்பொருள் நல்ல கோப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாகப் பிடிப்பதாகக் கொள்வோம். உங்கள் கணிப்பொறியில் 2,00,000 கோப்புகள் இருந்தால், 200 பொய் எச்சரிக்கைகள் எழும்! அப்புறம் உண்மையான எச்சரிக்கையையும் நீங்கள் பொருட்படுத்தமாட்டீர்கள். ஆகவே பிடிக்கும் திறனோடு, பொய் எச்சரிக்கை குறைவாக இருப்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனை நிலையங்கள் இவற்றை அளந்து முடிவுகளை வெளியிடுகின்றன.

இலவசத்திற்குப் பணம் கொடுப்பவர் யார்?

தேர்வுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய தலையாய கேள்வி இதுதான். விடை நான்கு வகைப்படும்.

முதல் வகை, இயக்க அமைப்போடு சேர்ந்தே வருவது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் காவலன் கூடவே இருக்கிறான். இதற்கான செலவு விண்டோஸின் விலையிலேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாம் வகை, அரசும் பிறரும் பொதுநலனுக்காகத் தருவது. மைய அரசு 2017 பிப்ரவரி 21 அன்று 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தைத் தொடங்கியது. இந்திய நிறுவனங்களின் துணையோடு, நச்சுநிரல்களை நீக்கும் கருவிகளை அது இலவசமாகத் தருகிறது. சென்னையில் 1991-இல் தோன்றிய கே7 நிறுவனமும் இதில் பங்குகொண்டுள்ளது. ஆனால் இக்கருவிகள் காகிதக் கூழைப் போன்றவை. உள்ளே வந்ததை நீக்கும், வாசலில் நின்று காவல் காக்கமாட்டா. யாரும் திறந்து படிக்கத்தக்க மூலநிரலைக் கொண்ட கிளாம்-ஏவியும் இவ்வகையே. அது பெரும்பாலும் அஞ்சல் வழங்கிகளில் பயன்படுகிறது.

மூன்றாம் வகை, விலைப்பதிப்பை விற்பதற்காகக் கொடுக்கும் மாதிரி. அடிக்கடி விளம்பரம் தோன்றும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் குற்றமில்லை.

நான்காம் வகைதான் எச்சரிக்கைக்குரியது: உங்களையே சரக்காக்குவது. உலகப் புகழ்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் பயனர்கள் எந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனத்தின் வாயிலாக விற்றது. 2020-இல் இது வெளிப்பட்டதும் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி செய்தது. விளம்பரத்திற்காக அத்தகைய விவரங்களை விற்கவும் தடை விதித்தது. காவலனே வீட்டுச் செய்தியைத் தெருவில் விற்றால் என் செய்வது? எனவே நிறுவும்போது தோன்றும் உடன்பாட்டில், விவரங்களைப் பகிர்வது பற்றிய பகுதியைப் படித்து, வேண்டாதவற்றை அணைத்துவிடுங்கள்.

இவற்றுக்கு அப்பால் போலிகளும் உண்டு. "உங்கள் கணிப்பொறியில் 37 நச்சுநிரல்கள் உள்ளன, உடனே இதை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று இணையப் பக்கம் ஒன்று அலறினால், அதுவே நச்சுநிரலாக இருக்கலாம். ஓர் இணையப் பக்கம் உங்கள் கோப்புகளைத் தானாகச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு காவலர்கள் இருந்தால் என்ன?

இரட்டைக் காவல் இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மை வேறு. ஒன்று திறந்து பார்க்கும் கோப்பை மற்றொன்றும் திறக்க முனையும். ஒன்றின் அடையாளப் பட்டியலையே மற்றொன்று நச்சுநிரல் என்று கருதக்கூடும். கணிப்பொறி ஊர்ந்து செல்லும். ஓயாமல் காவல் காப்பது ஒன்றே இருக்கட்டும். வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்கிறது. எப்போதாவது சோதிக்கும் நீக்கற் கருவிகளை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளால் மட்டும் ஆகாதவை

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயநிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! இரண்டு மாதம் புதுப்பிக்காமல் விட்டவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணிப்பொறியில் விண்டோஸ் 11 ஓடாதெனில், இலவசமான லினக்ஸுக்கு மாறுவதும் நல்ல வழியே. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

கூடங்குளத்தில் நடந்ததும் நமக்கொரு பாடம். அங்கு நச்சுநிரல் ஒன்று காணப்பட்டதை அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிருவாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறி. உலையை இயக்கும் அமைப்புகள் தனியே பிரிந்திருந்ததால் அவற்றுக்குத் தீங்கில்லை என்று கழகம் கூறியது. மாமல்லபுரத்தை அடுத்த கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை இயக்குவதும் இதே கழகம்தான். பெரிய நிலையத்தைக் காத்த அதே பிரிவினையை நீங்கள் வீட்டிலும் செய்யலாம். சான்றிதழ், பட்டா, குடும்பப் படங்கள் ஆகியவற்றை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, உடனே கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பணயநிரல் அதையும் பூட்டிவிடும்.

முடிவாக என்ன செய்யலாம்?

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதலில் டிஃபெண்டர் இயங்குகிறதா, இன்று புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இது குறைவென்று தோன்றினால், சோதனை நிலையங்களின் முடிவைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து, அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். காவலன் விழித்திருக்கிறானா என்று அறிய 'ஐகார்' சோதனைக் கோப்பு உதவும். அது 68 எழுத்துகளே கொண்ட, தீங்கற்ற பொய்த் திருடன். நல்ல மென்பொருள் அதைக் கண்டதும் கூவும். திருட்டு மென்பொருளை நிறுவுவதற்காகக் காவலனை அணைக்கச் சொன்னால் அணைக்காதீர்கள். இவ்வளவுக்குப் பின்னும் பணம் பறிபோனால், தயங்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால், பணம் கைமாறும் முன்னே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.