துல்லியத் தோட்டாவின் அளவுகோல் 'டை': தேர்வு செய்யப்படுவது எப்படி? ஈரக்காற்று, சட்டம், பாதுகாப்பு குறித்து ஒரு விளக்கம்

கார் நிக்கோபார்: தொலைதூர இலக்கைச் சுடும் துப்பாக்கியின் துல்லியம், அதன் குழலையும் தொலைநோக்கியையும் மட்டும் பொறுத்ததன்று. அதில் இடப்படும் தோட்டாவின் பித்தளைக் கூடும் அதே அளவு முக்கியமானது. தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த அளவு வேறுபாடுகூட, சில நூறு மீட்டர் தொலைவில் குண்டு பாயும் இடத்தை மாற்றிவிடக் கூடும். அந்தக் கூட்டுக்கு வடிவமும் அளவும் தரும் எஃகு அச்சுக் கருவியே 'டை' என்று அழைக்கப்படுகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுக் கூட்டத்தில், விமானப்படைத் தளம் அமைந்துள்ள கார் நிக்கோபார், ஆண்டின் பெரும் பகுதி மழையும் உப்புக் காற்றும் சூழ்ந்த தீவு. 2001-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட, முப்படைகளும் இணைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகத்தின் எல்லைக்குள் இது வருகிறது. இத்தகைய சூழலில் பித்தளையும் எஃகும் வெடிமருந்தும் எவ்வாறு மாறுகின்றன என்பது, தோட்டாக்களைக் கையாளும் எவரும் அறிந்திருக்க வேண்டிய பாடம். அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் இந்தியாவிலேயே எழுதப்பட்டது.

டை செய்யும் வேலை என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. 7.62 மி.மீ. வகைத் தோட்டாவில் இந்த வாயுவின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சிறிதளவே சுருங்குகிறது. பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

விரிந்த இந்தக் கூட்டை மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால், அதைக் குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்க வேண்டும். நெம்புகோல் கொண்ட அழுத்தப் பொறியில் டையைத் திருகி, அதனுள் கூட்டைச் செலுத்தினால், அதன் உடலும் தோளும் கழுத்தும் உரிய அளவுக்கு வருகின்றன. வேறொரு டை, குண்டைக் கழுத்தினுள் நேராகவும் ஒரே ஆழத்திலும் பொருத்துகிறது. பெரும்பாலான டைகளின் வெளிப்புறத் திருகு, 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றுகளும் கொண்ட பொது அளவில் அமைந்திருப்பதால், ஒரு நிறுவனத்தின் டை மற்றொரு நிறுவனத்தின் பொறியிலும் பொருந்துகிறது. 12.7 மி.மீ. போன்ற பெரிய தோட்டாக்களுக்கு மட்டும் இதைவிடப் பெரிய திருகும் வலுவான பொறியும் தேவைப்படுகின்றன.

முழு நீள டையா, கழுத்து டையா?

தேர்வில் எழும் முதல் கேள்வி இது. முழு நீள டை, கூட்டின் உடல், தோள், கழுத்து ஆகிய அனைத்தையும் சுருக்குகிறது. கழுத்து டை, குண்டைப் பற்றும் கழுத்தை மட்டும் சுருக்கி, அறையின் வடிவுக்கு விரிந்த உடலை அப்படியே விட்டுவிடுகிறது.

அறைக்கு அளவெடுத்தது போன்ற கூடு துல்லியத்தைக் கூட்டும் என்ற எண்ணத்தில், கழுத்து டைக்கே நெடுங்காலம் முதன்மை இடம் தரப்பட்டது. ஆனால், சிலமுறை சுட்ட பிறகு கூடு அறைக்குள் இறுக்கமாகி, துப்பாக்கியின் பூட்டைத் திருப்புவதே கடினமாகிவிடும். எனவே, முழு நீள டையைப் பயன்படுத்தி, கூட்டின் தோளை மிகச் சிறிதளவு மட்டுமே பின்னுக்குத் தள்ளும் முறைக்கு இன்று துல்லியச் சுடுவோர் பலர் மாறியுள்ளனர்.

அந்தச் 'சிறிதளவு' எவ்வளவு என்பதில்தான் பாதுகாப்பு அடங்கியுள்ளது. கைப்பூட்டுத் துப்பாக்கிகளுக்கு 0.025 முதல் 0.05 மி.மீ. வரை போதுமானதாகக் கருதப்படுகிறது. தோளை இதைவிட மிகுதியாகத் தள்ளினால், அறைக்குள் கூட்டின் முன்னும் பின்னும் இடைவெளி ஏற்படும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை நீண்டு மெலியும். ஒரு கட்டத்தில் அங்கே கூடு இரண்டாக முறிந்து, உயர் அழுத்த வாயு பின்னோக்கிப் பாயும். சுடுபவரின் கண்ணுக்கும் முகத்துக்கும் நேரும் ஆபத்து அது. டையைச் சரியாகத் தேர்ந்தும், அதைப் பொறியில் தவறான ஆழத்தில் திருகினால் இதே விளைவுதான். எனவே தோளின் இடத்தை அளக்கும் அளவி இல்லாமல் டையை அமைப்பது கூடாது என்பது பொது விதி.

இந்தியக் காவல் படைகள் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய 0.303 அங்குல லீ என்ஃபீல்டு துப்பாக்கி இதற்கு வேறு வகை எடுத்துக்காட்டு. அதன் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு; அறைக்குள் தோட்டா நிற்பது அந்த விளிம்பைத் தாங்கலாகக் கொண்டே தவிர, தோளைக் கொண்டன்று. அதன் அறையும் சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டது. இத்தகைய கூட்டை ஒவ்வொரு முறையும் முழு நீள டையால் சுருக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். கழுத்து டைக்கே அங்கு முதலிடம். ஆகவே, 'எது சிறந்த டை' என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்தத் தோட்டா, எந்த அறை என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

கழுத்தின் பிடி

குண்டைக் கூட்டின் கழுத்து எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பது இரண்டாவது கேள்வி. பிடி ஒரு தோட்டாவில் இறுக்கமாகவும் அடுத்ததில் தளர்வாகவும் இருந்தால், குண்டு வெளியேறும் வேகம் மாறுபடும். அருகில் உள்ள இலக்கில் இது தெரியாது. 800 மீட்டர், 1,000 மீட்டர் தொலைவில் அதே வேக வேறுபாடு, குண்டு மேலும் கீழுமாகச் சிதறுவதாக வெளிப்படும்.

சாதாரண டையில் கழுத்து முதலில் தேவைக்கு மேல் சுருக்கப்பட்டு, பின்னர் உள்ளிருக்கும் உருண்டை ஒன்றால் இழுத்து விரிக்கப்படுகிறது. இந்த இழுப்பில் கழுத்து கோணலாகும் வாய்ப்பு உண்டு. இதைத் தவிர்ப்பதற்காகவே 'புஷிங்' வகை டை வந்தது. இதில் கழுத்தைச் சுருக்கும் வளையத்தைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை வெளிப்புறமாக அளந்து, அதைவிட 0.025 முதல் 0.05 மி.மீ. குறைந்த வளையத்தைத் தேர்வது வழக்கம். எடுத்துக்காட்டாக, கழுத்தின் வெளிவிட்டம் 8.53 மி.மீ. என்றால் 8.48 மி.மீ. வளையம் பொருந்தும்.

ஆனால், கழுத்துச் சுவரின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாத கூடுகளில் புஷிங் டையின் பயன் குறைவு. வெளிப்புறத்தை அது சரிசெய்யும்போது, குறை உட்புறத்துக்குத் தள்ளப்படுகிறது. மலிவான கூடுகளை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த டையை வாங்குவது இதனால் வீண் செலவாகலாம்.

குண்டைப் பொருத்தும் டையிலும் வகைகள் உள்ளன. கூட்டையும் குண்டையும் ஒரே நேர்கோட்டில் தாங்கும் உறை கொண்டவையும், ஆழத்தை மைக்ரோமீட்டரால் அமைப்பவையும் துல்லியப் பணிக்கு விரும்பப்படுகின்றன. நீண்டு கூர்மையான குண்டுகளுக்கு, டையின் உள்ளே குண்டைத் தள்ளும் தண்டின் குழிவும் அதற்கேற்ற வடிவில் இருக்க வேண்டும். தண்டு குண்டின் நுனியைத் தொட்டுத் தள்ளினால், நுனி நசுங்கி ஆழமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்.

மழைக்காலம் உடைத்த தோட்டாக்கள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளை ஒரு புதிர் வாட்டியது. பருவமழைக் காலத்தில் படை நடவடிக்கைகள் குறைந்தபோது, தோட்டாக்கள் குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்டன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், ஒருமுறைகூடச் சுடப்படாத பல தோட்டாக்களின் பித்தளை விரிசல் விட்டிருந்தது. குறிப்பாக, குண்டைக் கவ்வும் கழுத்துப் பகுதியில். பருவத்தோடு தொடர்புடையதாகத் தோன்றியதால் இதற்குப் 'பருவ விரிசல்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் இடப்பட்டது.

1921-ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு காரணம். மற்றொன்று பித்தளைக்குள்ளேயே இருந்தது. குளிர்ந்த நிலையில் அச்சுகளுக்குள் இழுக்கப்பட்டும் நெருக்கப்பட்டும் உருவான கூட்டில் தேங்கிய உள்தகைவு அது. ஈரம், அம்மோனியா, உள்தகைவு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பித்தளை பிளந்தது. சூடாக்கி ஆறவிடும் பதப்படுத்தலால் உள்தகைவைத் தணிப்பது இதற்குத் தீர்வானது. இன்றைய இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலம் கலந்த பழுப்பு நிறம், அந்தப் பதப்படுத்தலின் அடையாளமே.

டையைத் தேர்வோருக்கு இதில் நேரடிப் பாடம் உள்ளது. ஒவ்வொரு முறை டைக்குள் செல்லும்போதும் பித்தளை சற்றுக் கடினமாகிறது. கடினமான பித்தளை, டையிலிருந்து வெளிவந்ததும் கூடுதலாகத் துள்ளி விரிகிறது; அதே டை வேறு அளவைத் தரத் தொடங்குகிறது. தேவைக்கு மேல் சுருக்கி விரிக்கும் டை இந்தக் கடினமாதலை விரைவுபடுத்துகிறது. குறைவாக வேலை வாங்கும் டையும், உரிய இடைவெளியில் கழுத்தைப் பதப்படுத்துவதும் கூட்டின் ஆயுளை நீட்டிக்கின்றன. அம்மோனியா கலந்த பித்தளை மெருகுப் பொருள்களால் கூடுகளைத் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவிர்க்கப்படுகிறது.

தீவுக் காற்றில் கவனிக்க வேண்டியவை

கடலோரத்திலும் தீவுகளிலும் உப்புக் காற்றின் முதல் தாக்குதல் எஃகின் மீதுதான். டையின் உட்புறத்தில் ஏற்படும் சிறு துருப்புள்ளிகூட, அதன் வழியே செல்லும் ஒவ்வொரு கூட்டிலும் கீறலிடும். டைகளை மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைப்பது இதனால் அவசியமாகிறது. அதேவேளையில், பயன்படுத்தும் முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். கூட்டுக்குள் எண்ணெய் சென்றால் பிரைமரும் வெடிமருந்தும் கெடும். மிகுதியான மசகு டைக்குள் தேங்கினால் கூட்டின் தோளில் பள்ளம் விழும்.

கார்பைடு உலோகத்தால் ஆன டை துருவுக்கும் தேய்மானத்துக்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை. நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளை அதில் மசகின்றியே சுருக்கலாம். ஆனால், கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூடுகளுக்குக் கார்பைடு டையிலும் மசகு கட்டாயம். இதை அறியாமல் செலுத்தப்பட்ட கூடு டைக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

வெப்பமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். வெடிமருந்து வெப்பத்தில் விரைந்து எரியும். அழுத்தமும் வேகமும் உயரும். குளிர்ந்த மலைப்பகுதியில் பாதுகாப்பாக இருந்த அளவு, வெயிலில் காய்ந்த தீவில் எல்லையைத் தாண்டலாம்.

இந்தியாவில் யாருக்குப் பொருந்தும்?

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 10 மீட்டரில் காற்றுத் துப்பாக்கியும், 50 மீட்டரில் 0.22 அங்குல விளிம்புத் தோட்டாவும் பயன்படுகின்றன. விளிம்புத் தோட்டாவில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைக்கப்படுவதால் அதை மீண்டும் நிரப்புவதற்கில்லை. பாரிஸில் 2024-ஆம் ஆண்டு ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் பிரிவில் வீரர்கள் செய்வது, பல தொகுதித் தோட்டாக்களைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, மிக நெருக்கமாகக் குழுமும் தொகுதியைத் தேர்ந்தெடுப்பதே. டை தேவைப்படும் பெரிய தோட்டாக்கள் இடம்பெற்ற 300 மீட்டர் ரைஃபிள் போட்டி, 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.

படைகளைப் பொறுத்தவரை, தோட்டாக்கள் ஆலைகளிலிருந்தே வருகின்றன. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் 41 ஆலைகள் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, வெடிபொருள் உற்பத்தி மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. உந்து வெடிமருந்து தயாரிக்கும் நீலகிரி மாவட்டம் அருவங்காடு கார்டைட் ஆலையும் அதில் ஒன்று. 0.338 அங்குல லபுவா மேக்னம் வகைத் தோட்டாவைப் பயன்படுத்தும் நவீன குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் அண்மை ஆண்டுகளில் இராணுவத்தில் சேர்க்கப்பட்ட பின், துல்லியத் தோட்டாக்களின் தேவை கூடியுள்ளது. ஆலையிலும் கூடு உருவாவது அடுத்தடுத்த டைகளின் வழியேதான். அவற்றின் தேய்மானமே ஒரு தொகுதியின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

தனிநபருக்குச் சட்டம் கண்டிப்பானது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிமம் இன்றித் தோட்டா உற்பத்தி செய்வதைத் தடை செய்கிறது. அச்சட்டம் 'தோட்டா' என்பதற்குத் தரும் வரையறையில், தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சட்டவிரோத உற்பத்திக்குக் குறைந்தது ஏழு ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். வெளிநாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டையை இணையத்தில் பார்த்து வரவழைக்க எண்ணுவோர், முதலில் உரிம அதிகாரியை அணுக வேண்டியதன் காரணம் இதுவே. கார் நிக்கோபாரைப் பொறுத்தவரை இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அது காப்புப் பகுதி. வெளியார் நுழைவதற்கே அனுமதிச் சீட்டு தேவை.

தேர்வின் வரிசை

உரிமம் பெற்றோரும் பயிற்சி பெற்ற படைக்கலப் பணியாளர்களும் பின்பற்றும் வரிசை எளிமையானது. முதலில், துப்பாக்கியின் அறையில் சுட்ட கூடுகளை அளக்க வேண்டும். அடுத்து, அந்த அளவிலிருந்து மிகக் குறைவாகச் சுருக்கும் டையைத் தேர வேண்டும். தேவையெனில், சுட்ட கூடுகளை டை தயாரிப்பாளருக்கு அனுப்பி அவற்றுக்கேற்ப டை செய்துகொள்ளலாம். பிறகு கழுத்தின் பிடி, குண்டின் நேர்மை, ஆழம் என ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, சேமிக்கும் இடத்தின் ஈரமும் வெப்பமும் கருதிப் பராமரிப்பை வகுக்க வேண்டும்.

விலை உயர்ந்த டை துல்லியத்துக்கு உறுதி அளிப்பதில்லை. அளவி, பதப்படுத்தல், உலர்ந்த சேமிப்பு ஆகிய மூன்றும் இல்லையெனில், மிகச் சிறந்த டையிலிருந்து வெளிவரும் கூடும் ஒரே ஒரு பருவமழையில் விரிசல் விட்டுவிடக் கூடும்.