வலிக்காத புண்தான் காலைப் பறிக்கும்

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் பாதத்தை வீட்டிலேயே காப்பது எப்படி?

கறவை மாடு ஒருவேளை நொண்டினால் போதும், விவசாயி அன்றைக்கே குளம்பைத் தூக்கிப் பார்த்துவிடுவார். முள்ளா, கல்லா, கோமாரியா என்று தெரியாமல் தூங்க மாட்டார். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவின் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வராது. மாடாவது நொண்டிக் காட்டும். மரத்துப்போன கால் நொண்டாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இது பட்டணத்து நோய் என்ற காலம் போய்விட்டது. ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் வேர்க்கடலை, கரும்பு, நெல் என்று வெறுங்காலோடு நிலத்தில் நிற்பவர்களும், தறியில் வெறுங்காலால் மிதிப்பவர்களும் நிறைய. கால்தான் அவர்களுக்கு முதல். அது போனால் இரவில் மோட்டார் போட்டு மடை மாற்ற ஆள் இல்லை. சிகிச்சைக்காக மாட்டையோ நிலத்தையோ விற்கும் நிலையும் வரும்.

ஏன் வலிப்பதில்லை?

சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் மூன்று காரியம் நடக்கும். பாதத்து நரம்புகள் உணர்வை இழக்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கி, காலுக்கு ரத்தம் போவது குறையும். காயத்தில் கிருமி எளிதில் பெருகும். கால் எரிச்சல், குத்தல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு ஆகியவை தொடக்க அறிகுறிகள். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று பெரியவர் சொன்னால், உணர்வு வெகுவாகப் போய்விட்டது என்று பொருள்.

வேலூர் கற்றுத் தந்த பாடம்

ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் பணியில் சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது நம்பினார்கள். வலி தெரியாததால் கவனிக்காமல் விடப்படும் காயங்களே விரல்களைப் பறிக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். தூங்கும்போது எலி கடித்துத் தின்றதுகூடச் சில நோயாளிகளுக்குத் தெரியவில்லை. அதற்காகவே அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. பின்னர் அவர் அமெரிக்காவில் பணியாற்றியபோது, இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார்.

நோய்கள் வேறு, ஆனால் பாடம் ஒன்று. வலி செய்ய வேண்டிய காவலை, வீட்டில் உள்ள இன்னொருவரின் கண் செய்ய வேண்டும்.

தினமும் பத்து நிமிடம்

* நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, கருமை, நீர்க்கசிவு, நாற்றம் ஏதும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.
* வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீரின் சூட்டைப் பராமரிப்பவர் தம் முழங்கையால் பார்க்க வேண்டும். பெரியவரின் காலை விட்டுப் பார்க்கக் கூடாது. நெடுநேரம் ஊறவைக்கவும் வேண்டாம்.
* பருத்தித் துணியால் விரலிடுக்கு வரை ஈரம் போக ஒற்றி எடுங்கள்.
* பித்தவெடிப்பு வராமலிருக்க உள்ளங்காலிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவினால் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.
* நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம்.

மருமகள் காலைத் தொட்டுப் பார்க்கப் பெரியவர் கூச்சப்படலாம். அப்படியானால் பேரப்பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். தாத்தாவும் மறுக்க மாட்டார், பிள்ளைக்கும் பொறுப்பு வரும்.

வயல், வீடு, மலைப்படி

வெறுங்கால் நடை வீட்டுக்குள்ளும் கூடாது. வார் அறுந்த ரப்பர் செருப்பு ஆகாது. பின்வார் உள்ள, மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு நல்லது. செருப்பு வாங்க மாலையில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். போடும் முன் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாம்.

அறுவடைத் தாள் நிற்கும் வயலிலும் சேற்றிலும் பெரியவரை வெறுங்காலோடு இறக்காதீர்கள். நெல், கடலை மூட்டை அடுக்கிய அறையில் தரையில் படுக்க விடாதீர்கள். கட்டிலில், கொசுவலைக்குள் படுக்கட்டும். எலி பயம் குறையும்.

திருத்தணி மலைக்கு வேண்டுதல் என்றால் விடியற்காலையில் அழைத்துச் செல்லுங்கள். நண்பகலில் சுடும் கற்படி, மரத்த காலில் கொப்புளத்தை உண்டாக்கிவிடும், அவருக்குத் தெரியாது. பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். வண்டி போகும் மலைப்பாதையும் இருக்கிறது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள்.

புண் கண்டால் என்ன செய்வது?

சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு, எருக்கம்பால், சாம்பல், புகையிலை எதையும் வைக்காதீர்கள். சூட்டு ஒத்தடமும் கூடாது. காய்ச்சல், கருமை, துர்நாற்றம், காலில் பரவும் சிவப்பு இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலும் நடக்க விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாத எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வருகிறதே என்று பாதப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது நரம்புணர்வையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனைதான், வலி இருக்காது.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*புண் வலிக்கவில்லை, சீழும் இல்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா?*
கூடாது. வலியில்லை என்பது நல்ல அறிகுறி அல்ல, நரம்பு செத்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். மேலே சிறிதாகத் தெரியும் புண், உள்ளே எலும்பு வரை போயிருக்கக்கூடும்.

*அப்பா பீடியை விட மாட்டேன் என்கிறார். காலுக்கும் பீடிக்கும் என்ன தொடர்பு?*
நேரடித் தொடர்பு. புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். வாய்க்காலில் மண் மேடிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. உடம்புக்குக் கடைமடை பாதம்தான். ரத்தம் வராத இடத்தில் எந்த மருந்து கொடுத்தாலும் புண் ஆறுவது கடினம்.